மிகவும் சிநேகமான மனிதர்

கண்டியில் மழை பெய்கிறதா, வெயில் எறிக்கிறதா என்பதை உலகத்துக்கு அறிவிக்கும் வேலையை அவர் தானாகவே தலையில் போட்டுக்கொண்டிருந்தார். ஒருவரும் கேட்காமலே காலையில் எழுதுவார்: "அன்பான நண்பர்களே, காலை வணக்கம். என் நகரத்தில் மெல்லிய மழை. உங்கள் நகரத்தில் எப்படி? எல்லோரும் சாப்பிட்டீர்களா?" எழுதுவது ஆங்கிலத்தில். அந்த ஆங்கிலத்தின் கோணலைத் தமிழில் கொண்டுவர என்னால் முடியாது. நான் தமிழில் தருவது எல்லாம் அவர் எழுதியதைவிட நேராகவே இருக்கும்.

போர் அதன் கடைசிக் கட்டத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. வடக்கில் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. கொழும்பிலும் வேறு ஊர்களிலும் பஸ்ஸிலும் ரயிலிலும் குண்டு வெடித்துக்கொண்டிருந்தது. கண்டியில் தமிழனாக வீட்டைவிட்டு வெளியே போவதென்றால் அடையாள அட்டை சட்டைப் பையில் இருக்கிறதா என்று இரண்டு தடவை தடவிப் பார்த்துவிட்டுத்தான் போவோம். இந்த மனிதர் வியட்நாமில் மழை பெய்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஆங்கிலம் பழகுகிறவர்களுக்கென்று இணையத்தில் ஒரு தளம் இருந்தது. எந்த நாட்டிலிருந்தும் சேரலாம். எழுதிப் பழகலாம், காதில் கருவியை மாட்டிக்கொண்டு பேசியும் பழகலாம். தெரிந்தவர்கள் தெரியாதவர்களைத் திருத்துவார்கள். வியட்நாமில் ஒரு பேக்கரிக்காரர், துருக்கியில் ஒரு தாதி, பிரேசிலில் ஓய்வுபெற்ற ஒரு பஸ் சாரதி, மாத்தளையிலிருந்து ஒரு சிங்கள இளைஞன் என்று பலர் இருந்தார்கள். திருத்துகிறவர்களில் நானும் ஒருவன்.

என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்து, பேராதனையில் பட்டம் வாங்கி, கண்டிக் கச்சேரியில், அதாவது அரசாங்கச் செயலகத்தில், வேலைசெய்து ஓய்வுபெற்றவன். வீடு குண்டசாலையில். கனடாவில் இருக்கும் மகன் வந்திருந்தபோது ஒரு கணினியை வாங்கி மேசையில் வைத்துவிட்டுப் போனான். அம்மாவோடு சண்டை பிடிக்காமல் இதில் ஏதாவது செய்யுங்கோ என்றான். நான் அந்தத் தளத்தைக் கண்டுபிடித்தேன். சில கிழமைகளிலேயே எனக்கு ஆசிரியர் என்ற பட்டத்தையும் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் நட்சத்திரத்தையும் தந்தார்கள். அரசாங்க சேவையில் எனக்குக் கிடைத்த எந்தப் பதவி உயர்வும் அந்த நட்சத்திரம் தந்த சந்தோஷத்தைத் தரவில்லை. கிழமைக்கு ஒரு பாடம் போடுவேன். பாடத்தின் கீழே முழுப் பெயரையும் பட்டத்தையும் போடுவேன். ஊரின் பெயரைப் போடமாட்டேன். லண்டனிலிருந்து எழுதுகிறார் என்று யாராவது நினைத்துக்கொண்டால் நினைக்கட்டுமே.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கண்டியில் இன்னும் சிலருக்கு அவரைத் தெரியும். அவரைத் தெரிந்தவர்களுக்கு என்னையும் தெரியும். தளத்தில் அவர் 'கண்டி நண்பன்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் ஒன்றை வைத்திருந்தார். பெயரிலேயே ஊரைச் சொல்லிவிடுகிற மனிதர் எப்படிப்பட்டவர் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்தத் தளத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது வணக்கம் சொன்னால் அது பதிலில்லாமல் கிடக்கக் கூடாது. அது தளத்தின் விதி அல்ல. அவர் கொண்டுவந்த வழக்கம். புதிதாக ஒருவர் வந்து, நான் இன்னார், எனக்கு ஆங்கிலம் வராது என்று எழுதினால், மறுநாளுக்குள் இவர் போய் நிற்பார். வாருங்கள் நண்பரே, எனக்கும் வராது, நாம் சேர்ந்து பழகுவோம், உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமா? துருக்கித் தாதியின் முழங்கால் வலி இவருக்குத் தெரியும். பேக்கரிக்காரரின் அடுப்பு பழுதானது தெரியும். பஸ் சாரதியின் நாய் செத்தபோது ஒரு பக்கம் முழுவதும் எழுதினார். அதில் பிழையில்லாத வாக்கியம் ஒன்றுகூட இல்லை. நான் சிவப்பு எழுத்தில் எல்லாவற்றையும் திருத்தினேன். நாய் செத்த துக்கத்தில் எழுதப்பட்ட கடிதத்தை ஒரு மனிதன் சிவப்பில் திருத்துவானா என்று இப்போது கேட்டால் பதில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அப்போது எனக்கு அது கடமையாகத் தெரிந்தது.

அவர் நன்றி சொன்னார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் நன்றி சொல்வார். அடுத்த நாள் அதே பிழையை அதே இடத்தில் விடுவார். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஆங்கிலம் என்பது எங்களுக்கு அடி வாங்கிப் படித்த பாடம். தலைமுறை தலைமுறையாக உத்தியோகம் தந்த பாஷை. அதை வைத்துக்கொண்டு இவர் நாய்க்கும் அடுப்புக்கும் துக்கம் விசாரித்தார்.

அவரை நேரில் கண்டது தற்செயல். வீட்டில் இணைய இணைப்பு வேலைசெய்யாத ஒரு நாள் பேராதனை வீதியில், மாடியில் இருந்த ஒரு நெட் கபேக்குப் போயிருந்தேன். அதை நடத்தியவர் ஒரு முஸ்லிம் மனிதர், பேச்சுக்காரர். எனக்குப் பக்கத்துக் கதிரையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் உட்கார்ந்து, தட்டச்சுச் செய்வதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தார். அன்பான வியட்நாம் நண்பரே, உங்கள் பகல் உணவு முடிந்ததா? எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எழுந்து வேறு கதிரைக்குப் போகலாம் என்று பார்த்தேன். அதற்குள் கபேக்காரர் என் திரையை எட்டிப் பார்த்துவிட்டார்.

"இந்தா, நீங்க சொல்ற ஸ்டார் சேர் இவருதான்" என்று அவரிடம் சொன்னார். சார் என்பதை எங்கள் பக்கத்தில் பலரும் சேர் என்றுதான் சொல்வார்கள்.

அவர் எழுந்து நின்றுவிட்டார். காதில் மாட்டியிருந்த கருவியின் வயர் இழுத்துக்கொண்டு வந்தது. "சார், நீங்களா சார்? நீங்க கண்டியிலயா இருக்கீங்க? நான் எங்கயோ சீமையில இருக்கீங்கன்னு நெனச்சேன்."

நான் மேலே பார்த்து, இந்த ஃபேன் வேலை செய்யாதுபோல இருக்கிறது என்றேன். அவ்வளவுதான் பேசினேன். அன்று மாலை தளத்தில் எல்லோரும் பார்க்க எழுதியிருந்தார்: "இன்று எனக்கு அதிர்ஷ்ட நாள். நம்முடைய சேரை நேரில் கண்டேன். அவர் என் நகரத்திலேயே இருக்கிறார். மிகவும் எளிமையானவர். மிகவும் சிநேகமான மனிதர்."

அவர் கலஹாவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தாயும் தங்கையும் இன்னும் அங்கே தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இருந்தார்கள். இவர் கண்டியில் ஒரு ஹாட்வெயார் கடையில் ஆணியும் குழாயும் நிறுத்துக் கொடுத்துக்கொண்டு, கட்டுக்கலைப் பக்கம் ஒரு வாடகை அறையில் இருந்தார். கடை திறப்பதற்கு முன்னும் கடை மூடிய பின்னும் கபேக்கு வருவார். வெளிநாட்டுக்குப் போவதற்காகப் படிக்கிறாரா என்று ஒருநாள் கேட்டேன். இல்லை என்றார். வேறு நல்ல வேலைக்கா? அதுவும் இல்லை.

"பேசுறதுக்குத்தான் சார்" என்றார். "சும்மா பேசுறதுக்கு. நம்ம பேச்ச கேக்குறதுக்கு எங்கயோ ஒரு ஆளு இருக்காரே."

ஒரு பாஷையை இத்தனை பாடுபட்டுப் படித்து, அதனால் எந்த நன்மையும் வேண்டாம் என்று சொல்கிறவரை நான் அதற்கு முன் கண்டதில்லை. எனக்கு அது வெறும் மடைத்தனமாகத் தெரிந்தது. வீட்டில் மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மாத்தளைப் பொடியன் விஷயத்தில்தான் அவரோடு முதல்தடவை முகத்துக்கு நேரே கோபப்பட்டேன். அந்தச் சிங்கள இளைஞனின் அண்ணன் இராணுவத்தில் இருந்தான். வடக்கில் போர்முனையில். தம்பி தன் கவலையைத் தளத்தில் எழுதியிருந்தான். அதற்குப் பிறகு இவர் தினமும் போய், அண்ணனிடமிருந்து தகவல் வந்ததா, அங்கே அவருக்கு நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்கிறதா என்று விசாரிக்கத் தொடங்கினார். என் அக்காவும் அவளுடைய குடும்பமும் அப்போது, போர் நடந்துகொண்டிருந்த வன்னிக்குள் இருந்தார்கள். தகவல் வந்து மாதங்கள் ஆகியிருந்தன. கபேயில் அவரைப் பிடித்துக் கேட்டேன்.

"தம்பி, அந்தப் பொடியன்ர தமையன் அங்க ஆருக்குச் சுடுறான் எண்டு உமக்குத் தெரியுமோ?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சுகொண்டுதான் அவன் சாப்பிட்டானோ எண்டு கேக்கிறீரோ? என்ர அக்கா அங்கதான் கிடக்கிறா. உமக்கு வெக்கமில்லையோ?"

அவர் காதுக் கருவியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, கோபமோ மன்னிப்போ இல்லாமல், கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "அவுங்க அம்மா சோறு எறங்காம கெடப்பாங்க சார். அதான் கேட்டேன்."

நான் வந்துவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து அவர் இன்னொன்றையும் தொடங்கினார். கபேயில் என்னைக் காணும்போதெல்லாம் கிட்ட வந்து, தமிழில், மெல்லிய குரலில் கேட்பார்: "அக்கா கிட்டருந்து தகவல் ஏதும் வந்திச்சுங்களா சார்?" நான் இல்லை என்று தலையாட்டுவேன். சில நாள் அதுவும் இல்லை. இன்று யோசிக்கும்போது ஒன்று படுகிறது. உலகம் முழுவதிலும் உள்ளவர்களின் முழங்காலையும் அடுப்பையும் தளத்தில் பகிரங்கமாக விசாரித்தவர், என் அக்காவைப் பற்றி ஒரு எழுத்துக்கூட அங்கே எழுதவில்லை. வன்னியில் உறவு இருக்கிறது என்பது வெளியே தெரிந்தால் எனக்கு என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நான் அவரை மடையன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி அந்தப் பாடத்துக்கு வருகிறேன்.

தளத்தில் பேச்சுப் பழகுவதற்கு ஒரு முறை இருந்தது. ஆசிரியர் ஒரு உரையாடலை எழுதிப் போடுவார். வங்கியில், வைத்தியரிடம், தபால் கந்தோரில் என்று. உறுப்பினர்கள் இருவர் சேர்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிப் பழகவேண்டும். பிறகு அந்த உரையாடலைத் தங்கள் சொந்தச் சொற்களில் கீழே எழுதவேண்டும். நான் அந்தக் கிழமை எழுதிய பாடம், புகையிரத நிலையத்தில் பொதி அனுப்புதல். பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலில் பொதி அனுப்புவா. முறுக்கு, பனங்கட்டி, ஒடியல். பேராதனை நிலையத்தில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு அறைக்குப் போவேன். அந்த ரயில் யாழ்ப்பாணம் போவது நின்று எத்தனையோ காலமாகிவிட்டது. அந்த ஞாபகத்தில்தான் எழுதினேன்.

பொதியில் என்ன இருக்கிறது என்று நிலையத்துக் கிளார்க், எழுதுவினைஞர், கேட்பார். என் நண்பருக்குச் சில பொருட்கள் என்று பயணி சொல்வார். எந்தப் பெட்டியில் ஏற்றுவது? கடைசிப் பெட்டியில். கொழும்புக் கோட்டைக்கு எப்போது போய்ச் சேரும்? காலையில், சனம் நிறைந்திருக்கும் நேரத்தில். யார் எடுப்பார்கள்? ஒருவர் வருவார், அவருக்குத் தெரியும்.

இதை எழுதியவன் நான். கண்டி புகையிரத நிலையத்தில் ஆளில்லாத பொதி கண்டால் உடனே அறிவிக்கவும் என்று மூன்று பாஷையிலும் ஒலிபரப்பிக்கொண்டிருந்த நாட்களில், வாசலில் பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்த நானே எழுதினேன். எனக்கு இரண்டும் சேர்த்துத் தோன்றவேயில்லை. சிங்களத்தில் ஒரு சொல் தவறினால் ஆபத்து, தமிழில் சத்தமாகப் பேசினாலே ஆபத்து என்று தெரியும். ஆங்கிலத்தில் எது சொன்னாலும் ஒன்றும் நடக்காது என்று நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள். ஆங்கிலத்தில் ரயில் வரும், பொதி வரும், அது வெடிக்காது. எங்கள் புத்தகங்களில் எல்லாம் அப்படித்தான் இருந்தது.

அவருக்கு அந்தப் பாடம் மிகவும் பிடித்துவிட்டது. எழுதுவினைஞராக வியட்நாம் பேக்கரிக்காரர், பயணியாக இவர். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, மாடி முழுக்கக் கேட்கும்படி நாள்தோறும் பழகினார். தளத்திலும் எழுதித் தள்ளினார். என் பொதி கனமானது. தயவுசெய்து கடைசிப் பெட்டியில் வையுங்கள். ஒருவரும் திறக்கவேண்டாம். கோட்டையில் என் நண்பர் காத்திருப்பார். நான் வழக்கம்போலச் சிவப்பில் திருத்தினேன். 'ஒருவரும் திறக்கவேண்டாம்' என்பதை இன்னும் அழுத்தமாகச் சொல்லும் விதத்தையும் காட்டிக்கொடுத்தேன்.

மாடியில் இருந்த யாரோ ஒருவர் இறங்கிப்போய்ப் பொலிஸில் சொல்லியிருக்கிறார். பொலிஸ் வந்தது. காதிலிருந்த கருவியைக் கழற்றுவதற்கு முன்னமே அவரைத் தூக்கிப் படியிறக்கிக்கொண்டு போனார்களாம்.

மறுநாள் பின்நேரம் கபேக்காரர் ஓட்டோ பிடித்து என் வீட்டுக்கு வந்தார். கதிரையில் உட்காரவில்லை. வாசலில் நின்றபடியே பேசினார்.

"சேர், அந்த ஆளு ஒன்டும் செய்யல்ல. ஒங்களுக்குத் தெரியும். பொலிஸ் இன்ஸ்பெக்டர் மஹத்தயா அவ்வளவு கெட்ட மனிசன் இல்ல. இது பாடம் என்டு நான் சென்னன். அப்ப பாடத்தக் காட்டு, ஒடனே விட்டுடுறன் என்டாரு. நாளைக்கு காலையில கபேக்கு வாறாங்க. நீங்களும் வந்து, இது நான் குடுத்த பாடம் என்டு ஒரு வார்த்த சென்னீங்கன்டா போதும். வர ஏலாட்டியும் பரவால்ல. பாடம் அங்க ஈக்கிதானே. ஒங்கட பேரும் ஈக்கி."

வருகிறேன் என்றேன். அவர் போனார்.

மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ" என்றாள். "கலவரத்துக்குள்ள எங்களையும் ஆக்கள் ஒளிச்சு வைச்சிருந்தவையெல்லே." பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்தைச் சொன்னாள். எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்தின்போது எங்களையும் மகனையும் தங்கள் சாமான் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, வந்தவர்களிடம் ஒருவரும் இல்லை என்று சொன்னவர்கள்.

நான் கணினியைப் போட்டேன். ஒங்கட பேரும் ஈக்கி, உங்கள் பெயரும் இருக்கிறது என்று கபேக்காரர் சொன்னது மட்டும்தான் காதில் நின்றது. யாழ்ப்பாணத்துப் பெயர். கடைசிப் பெட்டியில் ஏற்றச் சொன்ன பெயர். வன்னியில் அக்கா உள்ளவனின் பெயர்.

பாடத்தைத் திறந்தேன். நட்சத்திரம் உள்ளவர்கள் தாங்கள் எழுதியதை எப்போது வேண்டுமானாலும் அழிக்கலாம். உரையாடல் முழுவதையும், மேலே இருந்த தலைப்பையும், கீழே இருந்த என் பெயரையும் அழித்தேன். என் சிவப்புத் திருத்தங்களையும் ஒவ்வொன்றாக எடுத்தேன். மற்றவர்கள் எழுதியதை அழிக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. அதனால் அவருடைய பதில்கள் அப்படியே இருந்தன. மேலே வெறுமை. கீழே, கண்டி நண்பன் என்ற பெயரில், என் பொதி கனமானது, கடைசிப் பெட்டியில் வையுங்கள், ஒருவரும் திறக்கவேண்டாம்.

அது அவருக்கு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கபேக்காரர் எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். பயத்தில் கை தவறிச் செய்தேன் என்று இத்தனை வருஷத்தில் பலதடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். கை தவறவில்லை. சிவப்பு எழுத்துக்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுப்பதற்கு நல்ல நிதானம் வேண்டும்.

மனைவி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டுத் திரும்பினேன். அவள் குசினிக்குள் போய்விட்டிருந்தாள்.

காலையில் நான் போகவில்லை. தொலைபேசி அடித்தது. கபேக்காரர்.

"சேர், பாடத்தக் காணல்லயே."

தளத்தில் ஏதும் கோளாறாக இருக்கும் என்றேன். சரி சேர் என்றார். அந்த மனிதர் அதன்பின் எனக்குத் தொலைபேசி எடுத்ததில்லை. கபேக்கு நானும் போகவில்லை.

பிடித்துக்கொண்டு போனவரை முதலில் கண்டியிலும் பிறகு தெற்கே ஒரு முகாமிலும் வைத்திருந்தார்கள். பல மாதங்கள்.

தளத்தில் கண்டியின் வானிலை நின்றுபோயிற்று. முதலில் ஒருவரும் கவனிக்கவில்லை. பிறகு துருக்கித் தாதி கேட்டாள், எங்கே நம்முடைய கண்டி நண்பன்? பஸ் சாரதி கேட்டார். பேக்கரிக்காரர், பேசிக்கொண்டிருக்கும்போதே சத்தம் நின்றுவிட்டது, அவருக்கு உடம்பு சுகமில்லையா என்று கேட்டார். தினமும் யாராவது ஒருவர் காலை வணக்கம் சொல்லி அவரை விசாரித்து எழுதினார்கள். வணக்கம் பதிலில்லாமல் கிடக்கக் கூடாது என்பது அவருடைய வழக்கம். இப்போது பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் தினமும் திறந்து வாசிப்பேன். மூடுவேன். ஒரு நாள் துருக்கித் தாதி நேராக என்னையே கேட்டாள்: சேர், நீங்களும் அதே நகரம் என்று அவர் சொல்லியிருக்கிறாரே, உங்களுக்கு ஏதும் தெரியுமா? நான் அவளுடைய வாக்கியத்தில் இருந்த பிழையைத் திருத்திக் கொடுத்தேன்.

மாத்தளைப் பொடியன் கேள்வி கேட்டுக்கொண்டு இருக்கவில்லை. பஸ் ஏறி வந்து, பேராதனை வீதி முழுக்க நெட் கபேக்களில் விசாரித்து, சரியான மாடியைக் கண்டுபிடித்தான். அடுத்த தடவை தாயையும் கூட்டிக்கொண்டு வந்தான். அப்போது அவர் இன்னும் கண்டியில்தான் இருந்தார். அந்தத் தாய் வாழையிலையில் சோறு கட்டி எடுத்து வந்திருந்தாவாம். பார்க்க விடவில்லை. இராணுவத்தில் இருக்கும் என் மகன் சாப்பிட்டானா என்று தினமும் கேட்ட மனிதர் இவர், இதை மட்டும் கொடுத்துவிடுங்கள் என்று வாசலில் நின்ற பொலிஸ்காரரிடம் சொன்னாவாம். அவர் வாங்கி உள்ளே கொண்டுபோனாராம். இதெல்லாம் பிறகு, வேறொருவர் மூலம் எனக்குத் தெரிந்தது. அந்தப் பொலிஸ் நிலையம் என் வீட்டிலிருந்து பஸ்ஸில் கொஞ்சத் தூரம்தான்.

போர் முடிந்து சில மாதங்களுக்குப் பிறகு மணிக்கூட்டுக் கோபுரத்துப் பஸ் நிலையத்தில் அவரைக் கண்டேன். கலஹா பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். மெலிந்திருந்தார். நான் திரும்பிப் போய்விடத்தான் நினைத்தேன். அவர் கண்டுவிட்டார்.

"சார்" என்று ஓடி வந்தார். நான் ஏதோ கேட்டேன், எப்போது வந்தீர் என்றோ என்னவோ. அவர் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, இடது காதை எனக்குக் கிட்டக் கொண்டுவந்தார். மற்றக் காது கேட்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"அக்கா வந்துட்டாங்களா சார்?" என்றார்.

அக்கா வவுனியா முகாமில் இருக்கிறா என்றேன். அவளுடைய மூத்த மகன் இப்போது இல்லை என்றேன். அவருடைய காதுக்குள் அதைச் சொல்லவேண்டியிருந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொல்லிவிடலாம் என்று அப்போது ஒரு கணம் தோன்றியது. அந்தக் காது என் வாய்க்கு அவ்வளவு கிட்ட இருந்தது.

"சார், அந்த ஸ்டேஷன் பாடம் அழிஞ்சிபோச்சாம். கபே மொதலாளி சொன்னாரு" என்றார் அவரே. "கம்ப்யூட்டருதானே, அதுக்கு என்ன தெரியும். நீங்க கவலப்படாதீங்க. எனக்கு மனப்பாடம். உள்ள இருந்த ஆளுங்களுக்கெல்லாம் அதத்தான் சொல்லிக்குடுத்தேன்."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். அவருக்குத் தெரிந்திருந்ததா, தெரியாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாது என்று நினைத்தாலும் தூக்கம் வருவதில்லை, தெரிந்திருந்தது என்று நினைத்தாலும் வருவதில்லை.

அந்தக் கிழமையே தளத்தில் கண்டியின் மழை மறுபடி பெய்யத் தொடங்கியது. அன்பான நண்பர்களே, நீண்ட காலம் வராததற்கு மன்னியுங்கள், கணினி இல்லாத ஓர் இடத்தில் இருந்தேன் என்று எழுதியிருந்தார். அவர் இல்லாத மாதங்களில் அவரை விசாரித்து எழுதியவர்கள் எல்லோருக்கும், பின்னோக்கிப் போய், ஒருவர் விடாமல் பதில் எழுதினார். முழங்கால் இப்போது எப்படி? அடுப்பு எப்படி? மாத்தளைத் தாய்க்கு ஒரு வரி: அம்மா, சோறு மிகவும் ருசியாக இருந்தது.

எல்லாவற்றையும் முடித்துவிட்டு, நான் அழித்த பாடத்தை முதலிலிருந்து கடைசிவரை தட்டச்சுச் செய்து போட்டார். எழுதுவினைஞரும் பயணியும் பொதியும் கடைசிப் பெட்டியும் அப்படியே இருந்தார்கள். அவருடைய எழுத்தில் நான் கண்ட பிழையில்லாத ஒரே பக்கம் அதுதான். அடியில் என் முழுப் பெயரையும் பட்டத்தையும் போட்டிருந்தார்.

அதன் கீழே நான் ஒன்றும் எழுதவில்லை. சில நாட்கள் கழித்து, புதிதாகச் சேர்ந்த யாரோ ஒருவர் எந்த நாட்டிலிருந்தோ வந்து, பாடம் நன்றாக இருக்கிறது, எழுதியவர் யார் என்று கேட்டிருந்தார்.

மறுநாளுக்குள் அவர் பதில் எழுதிவிட்டார். "நம்முடைய சேர். என் நகரத்திலேயே இருக்கிறார். மிகவும் சிநேகமான மனிதர்."